அண்ணாச்சி பதில்கள்: வல்லநாட்டில் பிறந்த ‘டெல்லி’

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘நம்ம ஊர் நடிகர் டெல்லி கணேஷ்’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேஜையில் கட்டாகக் கிடக்கின்றன. ஆசிரியரிடம் காட்டினேன். “இந்தத் தடவை முழுக்க அவருக்கே கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார். அரசியலும் ஆன்மிகமும் மூட்டுவலியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

ப.மு., பாளையங்கோட்டை: ‘நம்ம ஊர்’ என்று எழுதிவிட்டீர்கள், அண்ணாச்சி. அவர் திருநெல்வேலிக்காரரா, தூத்துக்குடிக்காரரா? இதை வைத்து எங்கள் வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

சண்டையை நிறுத்துங்கள், இரண்டு கட்சியும் ஜெயித்தாச்சு. 1944 ஆகஸ்ட் 1-ல் அவர் பிறந்தபோது வல்லநாடு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1986 அக்டோபர் 20-ல் ஜில்லாவைப் பிரித்து, வ.உ.சி. பெயரில் ஒரு மாவட்டம் கண்டார்கள். வல்லநாடு அந்தப் பக்கம் போயிற்று. அதுதான் இன்றைய தூத்துக்குடி மாவட்டம். எனவே பிறப்பு திருநெல்வேலி, பிறந்த ஊர் தூத்துக்குடி!

நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்துப் பிழைத்தவன். அதனால் இன்னொரு சங்கதியும் தெரியும். பின்கோடு வந்தது 1972-ல். திருநெல்வேலிப் பக்கத்துக்கு 627, தூத்துக்குடிப் பக்கத்துக்கு 628. வல்லநாட்டுக்கு 628-தான். மாவட்டம் பிரிவதற்கு 14 வருஷம் முந்தியே தபால் இலாகா ஊரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் விடுவார்களா? மாவட்டம் பிரிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் ‘வல்லநாடு, திருநெல்வேலி ஜில்லா’ என்றே கவரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஜில்லாவைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து 628 கட்டத்தில் எறிந்துவிடுவோம்.

ஊரைப் பார்க்காதவர்களுக்கு: திருநெல்வேலி - தூத்துக்குடி ரோட்டில் தாமிரபரணிப் பாலம் வருமே, அந்த ஊர். பக்கத்து மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. தூத்துக்குடிக்காரர்கள் குடிக்கிற தண்ணீரும் வல்லநாட்டு ஆற்றிலிருந்து போவதுதான். அந்த உரிமையில் அவர்களும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடட்டும்.

ஒரு கல்லூரி மாணவி, விருதுநகர்: வல்லநாட்டுக்காரருக்கு டெல்லி எப்படி வந்து ஒட்டியது?

விமானப் படையால் ஒட்டியது. 1964-லிருந்து 1974 வரை பத்து வருஷம் அதில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனுக்கு வாசல்கள் குறைவு. ரயில்வே, தபால், பட்டாளம். என் பெரியப்பா மகன் ஒருத்தன் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தான். லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கூடவே வரும். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவன் பெயரும் ஒரு நம்பரும் எழுதியிருக்கும். தெருவே வந்து அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும். அவன் வாயிலிருந்து தப்பித் தவறி ஒரு ‘அச்சா’ விழுந்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. வல்லநாட்டுப் பையனும் ஏறக்குறைய அப்படித்தான் ஊருக்கு வந்து போயிருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்று ஒரு குழு. அதில் நடிக்க ஆரம்பித்தார். டெல்லித் தமிழ் நாடகம் என்றால் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவர்கள் ஒத்திகை பார்த்து, லீவு நாளில் மேடை ஏறுவது. காசுக்காக நடிக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஊர் ஞாபகத்துக்கு மருந்தாக நடிக்கிறவர்கள்தான். அப்புறம் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்தார். விசு எழுதிய ‘பட்டின பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977-ல் படமாக எடுத்தபோது அதில் சினிமாவுக்குள் வந்தார். ‘டெல்லி’யை முன்னால் போட்டது பாலசந்தர். சிவாஜி ஒரு கணேசன், ஜெமினி ஒரு கணேசன். அந்த ஊரில் மூன்றாவதாக ஒரு கணேஷ் அடைமொழி இல்லாமல் நுழைந்தால் கேட்டில் இருக்கிற காவல்காரரே விட மாட்டார்!

கே.எஸ்., அம்பாசமுத்திரம்: நீங்கள் அவரை நேரில் சந்தித்தது உண்டா?

இல்லை. அவர் ஊர்க் கடிதங்களை மட்டும் தொட்டிருக்கிறேன்.

இல்லத்தரசி ஒருவர், கோயம்புத்தூர்: அவர் நடித்ததில் உங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது எது? ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நழுவக் கூடாது.

நழுவவில்லை. 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் பாலக்காடு மணி ஐயர். நான்கு கமலில் ஒருவரான சமையல்காரக் காமேஸ்வரனை எடுத்து வளர்த்த அப்பா. கிரேஸி மோகன் வசனம். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுகிற கட்டத்தைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது.

எனக்கு ஏன் அது பிடிக்கும் என்றால், என் தாய்மாமா ஒரு தவசுப்பிள்ளை. சைவக் கல்யாணங்களுக்குச் சமையல். மண்ணைத் தோண்டிக் கோட்டையடுப்புப் போட்டு, ஆள் உட்காரலாம் போன்ற அண்டாவை ஏற்றி, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு நின்றாரானால் பெண்ணைப் பெற்றவரே அவரிடம் மெதுவாகத்தான் பேசுவார். சாமிக்குப் படைக்கும் முன்னால் எதையும் வாயில் வைக்க மாட்டார். கரண்டியில் மொண்டு, மூக்குக்குக் கீழே ஒரு தரம் காட்டி, “உப்பு அரைப்பிடி போடு” என்பார். சரியாக இருக்கும்.

அவரைத்தான் அந்தப் படத்துக்குக் கூட்டிப் போனேன். மீன் காட்சியில் தியேட்டர் உருண்டு சிரிக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர். மாமா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏல, இனி அவனுக்கு எவம்ல கல்யாணம் குடுப்பான்?” என்றார்.

படம் விட்டு வெளியே வந்து பெட்டிக்கடையில் சோடா குடிக்கும்போதுதான் விஷயம் வந்தது. 1971-ல் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பாயசத்தில் பல்லி விழுந்திருக்கிறது. மாமா யாரிடமும் மூச்சு விடவில்லை. எடுபிடிப் பையனை மட்டும் கூட வைத்துக்கொண்டு, அண்டாப் பாயசம் முழுவதையும் கொல்லைப்புறத்தில் குழி தோண்டி ஊற்றிவிட்டு, கைக்காசில் பருப்பும் வெல்லமும் வாங்கி வரச் சொல்லி, மறுபடியும் வைத்திருக்கிறார். பந்தி கால் மணி நேரம் தாமதம். ‘தவசுப்பிள்ளைக்கு வயசாயிடுச்சு’ என்று கல்யாண வீட்டார் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷம் அத்தைக்குக்கூடச் சொல்லாததை மாமா அன்றைக்கு அந்தப் பெட்டிக்கடை வாசலில் சொன்னார்.

கமல், ஊர்வசி, வசனம் எல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மணி ஐயர் முகத்தில் மட்டும் பிழைப்புப் போகிற பயம். சிரிப்புக் காட்சிதானே என்று அவர் அதைக் கோமாளி பயமாக ஆக்கவில்லை. அவர் நிஜமாகப் பயந்ததால்தான் நாம் அவ்வளவு சிரித்தோம். எதிரே இருக்கிறவர் சிரிப்பு வாங்கும்படி தான் அடக்கி நடிப்பதைச் செய்துபார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

அப்புறம் அந்தப் பாலக்காட்டுத் தமிழ். நாங்கள் நெல்லைக்காரர்கள் வாக்கியத்தை முடிக்கும்போது பாரத்தை இறக்குவது மாதிரி தரையில் வைப்போம். பாலக்காட்டார் அதைத் தூக்கி ஊஞ்சலில் உட்கார வைப்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்த நாக்கு பாரதப்புழைக்குப் போய்விட்டு வந்ததை அந்தப் படத்தில் காதால் கேட்கலாம்.

தே.ரா., வியாசர்பாடி, சென்னை: எங்கள் பாஷை பேசி நடித்த ‘பசி’யை மறந்துவிடாதீர்கள், அண்ணே.

எப்படி மறப்பேன்? துரை இயக்கிய படம், 1979. ஷோபாவுக்குத் தேசிய விருது, படத்துக்கும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. ஷோபாவின் அப்பாவாக, சைக்கிள் ரிக்‌ஷாக்காரராக டெல்லி கணேஷ். தமிழக அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

சினிமாவுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வல்லநாட்டில் பிறந்து, டெல்லியில் சீருடை போட்ட ஒருவர், மெட்ராஸ் சேரித் தமிழில் பேசுகிறார். மெட்ராஸ் பாஷை என்றாலே சபா நாடகக்காரர்களுக்குக் கைதட்டலுக்கான தின்பண்டம். நாலு ‘இன்னாபா’ போட்டால் சிரிப்பு நிச்சயம். இவர் அந்தச் சிரிப்பை வாங்கவே இல்லை. ரிக்‌ஷாக்காரர் களைத்துப்போய்ப் பேசுகிற பேச்சு அது. உங்கள் பேட்டை ஆளே சொல்கிறீர்கள், வேறு சான்று எதற்கு.

எம்., தேனி: கடைசி வரை அவரை யாரும் ஹீரோவாகப் போடவே இல்லையே?

போட்டார்கள். ‘எங்கம்மா மகாராணி’, 1981. ஒரு தடவைதான், போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்கும், சினிமாவுக்கும் தோன்றியிருக்கும்.

சு.வே., ஈரோடு: கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதிப் படங்களில் அவர் ஒரே ஐயராகத்தானே வந்தார்? நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, அதே குரல். இதில் என்ன பெரிய நடிப்பு?

கோபம் இல்லை. பாதி உண்மை. அவரைப் பார்த்ததும் டைரக்டர்களுக்கு ‘ஐயர் வேஷம் ஒன்று இருக்கிறதே’ என்று ஞாபகம் வந்தது நிஜம். 400 படத்துக்கு மேல் நடித்தவர், அதில் ஒப்பேற்றியவையும் உண்டு. டி.வி. தொடர்களில் இது இன்னும் அதிகம். கதையைக் கேமராவுக்கு முன்னால் நின்று விளக்கிச் சொல்கிற வேலையை வீட்டுப் பெரியவர் தலையில் கட்டுவார்கள். அந்தப் பெரியவர் அநேகமாக இவராக இருப்பார். என் மனைவி தொடர் பார்க்கும்போது நான் பக்கத்தில் பேப்பர் படித்தபடி இவர் குரலை மட்டும் கேட்பேன். கஷ்டமாக இருக்கும், நல்ல தவசுப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தண்ணீர் பரிமாற விட்ட மாதிரி.

ஆனால் ‘ஒரே ஐயர்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1985-ல் ‘சிந்து பைரவி’யின் குருமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர், குடிக்கிறவர். குடித்துவிட்டு வந்த குற்றத்துக்கு மேடையில் அவமானப்படுகிறார். தப்புத் தன்மேல் என்று தெரிந்த மனிதனுக்கு வருகிற கோபம் ஒன்று உண்டு, வெளியே காட்ட வழியில்லாத கோபம். அது அங்கே இருக்கும். இரண்டு வருஷம் கழித்து ‘நாயகன்’. வேலு நாயக்கர் பக்கத்தில் ஒரு ஐயர். பக்கத்தில் நிற்பதே அவர் வேலை. இவருக்குத் தாராவியில் என்ன ஜோலி என்று நமக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றாது. அப்புறம் 1996-ல் ‘அவ்வை சண்முகி’, ஜெமினி கணேசன் வீட்டுச் சேதுராம ஐயர். ஊருக்குப் பெரியவராகவும் உள்ளே கொஞ்சம் அற்பமாகவும் இருக்கிற ஆள். (இரண்டு கணேசர்களும் ஒரே வீட்டில்!) மூன்று பேரும் ஐயர்தான். ஒருவர் வேட்டியை மற்றவர் கட்ட முடியாது.

ஐயரே இல்லாத வேஷம் வேண்டுமா? ‘அபூர்வ சகோதரர்கள்’ பாருங்கள், நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு. ‘தெனாலி’யில் பஞ்சபூதம், இன்னொரு டாக்டரின் பெயர் பெரிதாவதைச் சகிக்க முடியாத டாக்டர். கமலின் ஈழத் தமிழுக்கு ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்க, இவர் ஒரு ஓரத்தில் பொறாமையிலேயே வெந்துகொண்டிருப்பார். பக்கத்து மேஜைக்காரனுக்குப் பிரமோஷன் வந்த அன்றைக்கு எங்கள் ஆபீஸில் நான் பார்த்த முகம் அது. கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

ஆர்., சேலம்: அவர் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தார் என்று மகன் பந்தயம் கட்டுகிறான். நம்புவதா?

பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். பாலசந்தரின் ‘47 நாட்கள்’, 1981. அதில் சிரஞ்சீவி பேசும் தமிழ் டெல்லி கணேஷ் குரல். பெண்ணை ஏமாற்றிக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குக் கூட்டிப்போகிற புருஷன் வேஷம். அந்தக் குரலைக் கண்ணை மூடிக் கேளுங்கள். மணி ஐயர் ஞாபகம் வருகிறதா பாருங்கள். வராது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: டெல்லியிலிருந்து வந்த இன்னொரு நெல்லை நடிகர் உண்டே, பூர்ணம் விஸ்வநாதன். இருவரையும் ஒப்பிட முடியுமா?

நல்ல ஜோடி. பூர்ணமும் எங்கள் ஜில்லாதான். டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947-ல் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அப்புறம் சென்னை, சுஜாதா நாடகங்கள், ‘வருஷம் 16’ தாத்தா. 2008-ல் காலமானார். ‘முள்ளும் மலரும்’ நாவல் எழுதிய உமாசந்திரன் அவருடைய சகோதரர் என்பது பலருக்குத் தெரியாது.

ஒப்பிடச் சொன்னால், பூர்ணம் பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் தேய்த்து வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி இருக்கும். செய்தி வாசித்த பழக்கம். அவர் எந்த வேஷம் போட்டாலும் கொஞ்சம் பூர்ணம் மிச்சம் இருப்பார், அதைக் கேட்கத்தான் போவோம். டெல்லி கணேஷ் எதிர்வழி. போன இடத்துப் பேச்சை வாங்கிப் போட்டுக்கொள்வார். பேசாமல் நிற்கிற காட்சியில் நான் பூர்ணத்தைத் தேட மாட்டேன், டெல்லி கணேஷைத் தேடுவேன். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் கண் நிஜமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்து தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகர்களின் கண் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் வாத்தியார், வகுப்பில் இரண்டு வகைப் பையன்களையும் பார்த்திருப்பீர்கள்.

முன்னாள் விமானப் படை வீரர், தாம்பரம்: அவர் மறைந்தபோது எங்கள் படை செலுத்திய மரியாதையைப் பற்றி எழுதுவீர்களா?

2024 நவம்பர் 9 ராத்திரி, 80 வயதில் சென்னையில் காலமானார். தகனத்துக்கு முன்னால் விமானப் படையினர் வந்து அவர் உடல்மேல் படைக் கொடியைப் போர்த்தினார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். 1974-ல் கழற்றிய சீருடை. சரியாக ஐம்பது வருஷம். நடுவில் எத்தனையோ வேட்டி, எத்தனையோ பூணூல், ஒரு ரிக்‌ஷாக்காரர் லுங்கி. அத்தனைக்கும் மேலே கடைசியில் அந்தக் கொடி வந்து விழுந்தது. பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு எண்பத்திரண்டு. “பாத்துட்டுத்தான் இருக்கேன், நீ போனை வை” என்றான்.

பாட்டி ஒருவர், மயிலாடுதுறை: பேத்திக்குப் பதினாலு வயது. ‘யார் பாட்டி அது?’ என்று கேட்கிறாள். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

மைக்கேல் மதன காமராஜன். அன்றைக்கு வீட்டில் சாம்பார் வைக்காதீர்கள், அல்லது படம் முடிந்தபின் சாப்பாடு போடுங்கள். மீன் காட்சி வரும்போது பேத்தியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், சிரிக்கட்டும். இரண்டாம் தடவை போட்டால் மணி ஐயரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து ‘சிந்து பைரவி’. ‘பசி’க்கு அவசரப்பட வேண்டாம். அவள் காலேஜ் போகட்டும், அப்போது நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.